கடையில் கிடைக்காத தோட்டா

பத்து போர் (bore) துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான். துப்பாக்கி இருக்கிறது, தோட்டாதான் இல்லை. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்க் கடையில் பன்னிரண்டு போர் தோட்டா சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இருபது போர். பத்து போர் என்று கேட்டால் கடைப் பையன் நம்மை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடித்தட்டில் குனிந்து துழாவுவான். அதிர்ஷ்டம் இருந்தால் வாத்து வேட்டைக்கான எஃகு ரவைப் பெட்டி ஒன்றிரண்டு அகப்படும். கொயோட்டி வேட்டைக்கு வேண்டிய பருத்த ரவை போட்ட தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு.

அதனால்தான் என் பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டிய பெரியவர், குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து தன் தோட்டாவைத் தானே கெட்டித்துக்கொள்கிறார். நான் வேட்டைக்காரன் இல்லை. ஆனால் கையால் செய்யும் எந்த வேலையையும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்படிப் பார்த்ததையும், அவரிடம் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வெடிமருந்து அளவு எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் கொயோட்டி. நம் ஊர் குள்ளநரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. பத்திலிருந்து இருபது கிலோ இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பண்ணைகளில் மாடுகள் கன்று போடும்போது சுற்றிச் சுற்றி வரும். நஞ்சுக்கொடியைத் தின்ன வந்தது சில நேரம் கன்றையே பதம் பார்த்துவிடும். ஆட்டுக்காரர்களுக்கு இன்னும் மோசம். இங்கே அதைத் தொல்லை விலங்காகவே பார்க்கிறார்கள். மானுக்கும் வாத்துக்கும் பருவம் உண்டு, கணக்கு உண்டு. கொயோட்டிக்குப் பல மாநிலங்களில் இரண்டும் கிடையாது.

அதைத் திறந்த வெளியில் தூரத்திலிருந்து அடிக்க ரைஃபிள் போதும். சிக்கல் ஓடைப் பள்ளங்களில். நெப்ராஸ்காவின் பள்ளங்களில் செந்தேவதாரு மரங்கள் புதர் புதராக மண்டிக் கிடக்கின்றன. புல்வெளித் தீ நின்றுபோனதிலிருந்து பரவிய மரம் அது. அங்கே உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஒலிபெருக்கியில் சத்தம் எழுப்பினால் கொயோட்டி வரும். ஆனால் நேராக வராது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதன் கீழ்ப்பக்கமாக வட்டமடித்து, மோப்பம் பிடித்துக்கொண்டே வரும். திடீரென்று முப்பது நாற்பது கஜத்தில் புதருக்கும் புதருக்கும் நடுவே ஓர் ஓட்டம். கண் இமைக்கும் நேரம்தான். அந்த இடத்தில் தொலைநோக்கி மாட்டிய ரைஃபிளால் பயனில்லை, ஷாட்கன்தான் பேசும். அந்தத் தூரத்தில் ஒரு மிருகத்தை வலியில் தவிக்க விடாமல் விழவைக்க வேண்டுமென்றால் பருத்த ரவை நெருக்கமாகப் போய்ப் பட வேண்டும். பெரிய துளை வேண்டும் என்ற வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

போர் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. துப்பாக்கிக் குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் எண். பன்னிரண்டு நின்றால் பன்னிரண்டு போர், பத்து நின்றால் பத்து போர். எண் குறையக் குறையக் குழாய் பெரிது. பன்னிரண்டு போருக்கு உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், பத்துக்கு 19.7. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று நான் கேட்டதற்குப் பெரியவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். விட்டத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கூடினால் குறுக்குப் பரப்பு பதிமூன்று சதவீதம் கூடுகிறது. அதே எடை ரவையைக் கொட்டினால் பத்து போர் குழாயில் ரவைத் தூண் ஏறக்குறைய அந்த அளவு குட்டையாக நிற்கும்.

தூண் குட்டையாக இருப்பதில் என்ன லாபம்? வெடித்த கணத்தில் அடிமருந்து பின்னாலிருந்து தள்ளும்போது, அடிவரிசை ரவைகள்மேல் மேல்வரிசை மொத்தமும் அழுத்தும். ஈயம் மெத்தென்ற உலோகம், நசுங்கிவிடும். நசுங்கிய ரவை காற்றில் நேராகப் போகாது, பக்கவாட்டில் விலகி வீணாகும். தூண் எவ்வளவு குட்டையோ அவ்வளவு குறைவான ரவை நசுங்கும். அதனால் அதிக ரவைகள் ஒன்றாகப் போய்ச் சேரும். பெரிய துளையின் உண்மையான பலன் இதுதான். 'பெரிய துப்பாக்கி, பெரிய அடி' என்று நினைத்துக்கொண்டு வாங்குபவர்களுக்கு இது புரிவதில்லை. அவர்களுக்குத் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

ஒரு காலத்தில் எட்டு போர்கூட இருந்தது. நாலு போர், படகில் பீரங்கிபோலப் பொருத்திச் சுடும் ராட்சதத் துப்பாக்கிகள் எல்லாம் இருந்தன. செசபீக் விரிகுடாவில் சந்தைக்காக வாத்து சுட்டவர்கள் ஒரே வெடியில் ஒரு கூட்டத்தையே சாய்த்தார்கள். வாத்துகள் அருகிப்போன பிறகுதான் சட்டம் விழித்தது. 1918இல் புலம்பெயர் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் வந்தது. அதன் கீழான விதிகளின்படி அந்தப் பறவைகளைப் பத்து போருக்குப் பெரிய துப்பாக்கியால் இன்றுவரை சுடக்கூடாது. இத்துடன் எட்டு போர் வேட்டையிலிருந்து கிட்டத்தட்ட ஒழிந்தது. ஆனால் முழுதாகச் சாகவில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைக்குள் பாறையாக இறுகிப்போகும் கட்டிகளை, சூளை ஓடிக்கொண்டிருக்கும்போதே சுட்டு உடைக்க எட்டு போர் தோட்டா இன்றும் பயன்படுகிறது. வாத்து சுட்ட துப்பாக்கி சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த கதையை நான் முதலில் நம்பவில்லை. உண்மைதான்.

ஆக, சட்டம் அனுமதித்த உச்ச வரம்பாகப் பத்து போர் நின்றது. பழைய பத்து போர் தோட்டாவின் நீளம் இரண்டே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. 1932இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனமும் இதாக்கா துப்பாக்கி நிறுவனமும் சேர்ந்து மூன்றரை அங்குலத் தோட்டாவைக் கொண்டுவந்தன. இரண்டு அவுன்ஸ் ஈயம், அதாவது ஐம்பத்தேழு கிராம் ரவை கொள்ளும். பாட்டன் காலத்துப் பழைய துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் அதில் இந்தப் புதுத் தோட்டாவைப் போடவே கூடாது என்பது இங்கே பாலபாடம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பத்து போரை மறுபடி தூக்கிவிட்டது ஈயத் தடை. குளத்து அடியில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்கி விஷமேறிச் செத்தன. அதனால் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குப் படிப்படியாகத் தடை வந்து, 1991இல் நாடு முழுக்க அமலானது. மாற்று, எஃகு. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு எட்டைக்கூட எட்டாது. எடை குறைந்தால் வேகம் சீக்கிரம் செத்துவிடும். ஈடுகட்ட ரவையைப் பெரிதாக்க வேண்டும், பெரிய ரவைக்கு இடம் வேண்டும். பத்து போரில் இடம் இருந்தது. வாத்துக்காரர்கள் வாங்கினார்கள். ரெமிங்டன் 1989இல் எஸ்பி-10 என்று ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சூட்டில்தான்.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1988இல், மாஸ்பெர்க் நிறுவனம் ஃபெடரல் தோட்டா நிறுவனத்தோடு சேர்ந்து மூன்றரை அங்குலப் பன்னிரண்டு போரைக் கொண்டுவந்துவிட்டது. அந்த மாஸ்பெர்க் குழாயின் உள்விட்டம் என்ன தெரியுமா? பத்து போரின் விட்டமேதான். பன்னிரண்டு போர் என்று பெயர், அதற்குள் ஓடுவது பத்து போர் குழாய்! அதோடு சாதாரணப் பன்னிரண்டு போர் தோட்டாவையும் அதில் போடலாம். ஐந்து கிலோ கனக்கும் பத்து போரை யார் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்? கடைசி அடி டங்ஸ்டன். பதினெட்டு அடர்த்தியுள்ள டங்ஸ்டன் ரவை வந்ததும், பொடி ரவையே தூரத்தில் போய்த் தைத்தது. வான்கோழி வேட்டைக்காரர்கள் குழந்தைத் துப்பாக்கி என்று ஒதுக்கிய சின்னத் துளைக்கே திரும்பினார்கள். உலோகம் கனத்தால் துளை சிறுக்கிறது, உலோகம் மெலிந்தால் துளை பெருக்கிறது. இந்த ஊஞ்சலில் பத்து போர் கீழே வந்து நின்றுவிட்டது. விற்காத சரக்கை ஆலை ஏன் செய்யும்? இன்று பத்து போர் உயிரோடு இருப்பது பெரும்பாலும் கராஜ்களில்தான்.

சரி, கராஜுக்கு வருவோம். மேசை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் அழுத்துக் கருவி. விஸ்கான்சின் மாநிலத்து மேவில் என்ற ஊரில் செய்வது. நிறுவனத்தின் பெயரைச் சுருக்கி மெக் என்கிறார்கள். அமெரிக்காவில் பாதிக் கராஜில் இந்தக் கருவிதான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். நெம்புகோலை இழுக்க இழுக்க ஒவ்வொரு நிலையிலும் ஒரு வேலை நடக்கும். முதலில் சுட்டு முடித்த காலிக் கூட்டின் அடியிலிருந்து, மருந்தைப் பற்றவைத்த பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, உப்பிப்போன உலோக அடிப்பாகத்தைப் பழைய அளவுக்குப் பிடித்துவைக்கும். பிறகு புதுப் பிரைமர். பிறகு மருந்து. அதன்மேல் தக்கை. அதன்மேல் ரவை. கடைசியில் பிளாஸ்டிக் வாயை நட்சத்திரம்போல மடித்து மூடுவது.

நம் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில் தேங்காய் நாரைத் திணிப்பார்களே, அந்த வேலைதான் தக்கைக்கும். மருந்தையும் ரவையையும் பிரித்து, வாயு முன்னால் கசியாமல் அடைப்பது. 1960களில் பிளாஸ்டிக் தக்கை வந்ததும் கூடுதலாக ஒரு வசதி. தக்கையே ஒரு கிண்ணமாகி, ரவை குழாயில் உராயாமல் அதை ஏந்திக்கொண்டு போகும்.

ரைஃபிள் தோட்டா கெட்டிப்பவர்கள் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இது சரிவருகிறதா, அது சரிவருகிறதா என்று பரிசோதிப்பார்கள். அங்கே அதற்கென்று முறை இருக்கிறது. ஷாட்கன் தோட்டாவில் அந்தச் சோலியே கூடாது. ரைஃபிளில் அழுத்தம் எகிறினால் பித்தளைக் கூட்டில் அடையாளம் தெரியும். பிளாஸ்டிக் கூடு ஒன்றும் சொல்லாது. பத்து போருக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. சாதாரண .223 ரைஃபிளுக்கு 55,000. ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் ஷாட்கன் குழாயின் சுவரும் அதற்கேற்ற மெலிசு. வரம்பைத் தாண்டினால் தாங்காது.

எனவே புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. கூடு எந்த நிறுவனத்தது, பிரைமர் எது, மருந்து எது, தக்கை எது, ரவை எந்த உலோகம், எவ்வளவு எடை என்று ஆறையும் சேர்த்துத்தான் ஒரு செய்முறை. அதில் ஒன்றை மாற்றினால் அது வேறு செய்முறை. ஒரே அளவுள்ள பிரைமர்தானே என்று வேறு நிறுவனத்ததைப் போட்டால் அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறிவிடக்கூடும், ஏனென்றால் ஒவ்வொரு பிரைமரின் சுவாலையும் ஒவ்வொரு சூடு. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிற மாதிரிக் கண்திட்டம், கைத்திட்டம் எதுவும் இங்கே செல்லாது. ஈயத்துக்குச் சொன்ன மருந்தளவில் எஃகைக் கொட்டுவது அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம். நான் எழுதும் அளவை யாரோ ஒருவர் தன் கராஜில் இருக்கும் வேறு தக்கையோடு சேர்த்துவிடுவார். அதற்குத்தான் எழுதவில்லை.

பெரியவரின் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். இரண்டாவது டப்பா அலமாரியில், பூட்டுக்குள். கருவியின் அளவுக்குழி கன அளவில்தான் மருந்தை விடுகிறது என்பதால் அவ்வப்போது தராசில் வைத்துச் சரிபார்ப்பார். தராசு காட்டுவது கிரெய்ன் கணக்கு, ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம். வேலை நடக்கும்போது ரேடியோ கிடையாது, பேச்சுக் கிடையாது. மருந்து விழாமல் போன ஒரு தோட்டா போதும். பிரைமரின் வலுவில் தக்கை பாதிக் குழாய்வரை போய் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். ஆகையால் தக்கையை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவார்.

கொயோட்டி ரவை பருமனாக இருப்பதால் கருவியின் குழி வழியே விழாது. நாலாம் நம்பர் பக்ஷாட், விட்டம் ஆறு மில்லிமீட்டர். ஆலைத் தோட்டாவில் ஐம்பத்து நான்கு போடுவார்கள். பெரியவர் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணிக்கையைக் கையால் எண்ணி, அடுக்கடுக்காக இறக்குவார். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் பொடித்த பிளாஸ்டிக் தூளைத் தூவி, கூட்டை மெல்லத் தட்டி உட்காரவைப்பார். ரவை ரவையோடு மோதி நசுங்காமலிருக்க அந்தத் தூள் மெத்தை. அதுவும் இஷ்டத்துக்கு இல்லை. தூள் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அதற்கும் புத்தகத்தில் தனிக் கணக்கு. ஒரு தோட்டா முடிய நாலைந்து நிமிடம் ஆகிறது. களிமண் தட்டு சுடும் விளையாட்டுக்காரர்கள் இதே மாதிரிக் கருவியில் மணிக்குப் பல டஜன் தள்ளிவிடுவார்கள்.

காசு மிச்சமாகிறதா என்று என் மனைவி கேட்டாள். ஒரு காலத்தில் ஆகியிருக்கலாம். 2020க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாடு வந்து, விலை ஏறி, ஏறியது ஏறியதுதான். பன்னிரண்டு போருக்கு இப்போது கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். பத்து போருக்குக் கணக்கே வேறு. கடையில் இல்லாத பொருளோடு எந்த விலையை ஒப்பிடுவது?

இங்கிருக்கும் நம் பையன்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிக்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டாம். விற்பதற்கென்று செய்தால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காட்டுப்பன்றிக்கு என்று ஏதும் தொடங்கிவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். பன்றிக்கென்று வெடி மறைத்த அவுட்டுக்காய் வைத்து யானையின் வாய் சிதறிய கதைகளை நாம் கேட்டது போதும்.

கெட்டித்த தோட்டாவை நேராக வேட்டைக்கு எடுத்துப் போவதில்லை. நாற்பது கஜத்தில் பெரிய காகிதம் கட்டி, சுட்டு, முப்பது அங்குல வட்டத்துக்குள் எத்தனை ஓட்டை என்று எண்ணுவது இங்கே வழக்கம். எழுபது சதவீதம் விழுந்தால் குழாய்முனைச் சுருக்கு (choke) முழு நெருக்கம் என்று கணக்கு. பெரியவர் வட்டத்தை நம்புவதில்லை. கொயோட்டி அளவுக்கு அட்டை வெட்டி, அதில் நெஞ்சும் கழுத்தும் எங்கே என்று கோடு போட்டு, அதற்குள் விழுந்ததை மட்டும் எண்ணுகிறார். "மிருகம் வட்டமா இருக்கா என்ன?" என்பார். ஒரே செய்முறை, ஒரே குழாய். முனைச் சுருக்கை மாற்றினாலே அட்டையில் படம் மாறிவிடுகிறது. சுருக்கு இறுகினால் நெருக்கமாக விழும் என்று நினைப்போம். பருத்த ரவைக்குச் சில நேரம் நேர்மாறு: சுருக்கில் முண்டியடித்து நசுங்கிச் சிதறும். இதைக் காகிதம் சொன்னால்தான் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு அடிப்பதால் கொயோட்டி குறைகிறதா? எனக்கு நம்பிக்கை இல்லை. மத்திய வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் கொன்றும், ஹவாய் தவிர நாற்பத்தொன்பது மாநிலங்களிலும் அது பரவியிருக்கிறது. ஓநாயை ஒழித்த மனிதனே அதற்கு வழி திறந்துவிட்டான். ஒரு வட்டாரத்தில் கொயோட்டி குறைந்தால் மிஞ்சியவற்றுக்குக் குட்டிகள் கூடுதலாகத் தங்குகின்றன. கன்று போடும் மாதத்தில் தன் தொழுவத்தைச் சுற்றும் இரண்டு மூன்றை விரட்டுவது அல்லது வீழ்த்துவது என்ற மட்டில் பெரியவர் செய்வது நியாயம் என்று எனக்குப் படுகிறது. யார் அதிகம் கொன்றார் என்று பரிசு வைத்துப் போட்டி நடத்துவது வேறு விஷயம். கலிபோர்னியா 2014இலேயே அந்தப் பரிசுகளுக்குத் தடை போட்டது. சரியான முடிவு.

எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் ஈயத்தைப் பற்றித்தான். நீர்ப்பறவைக்குத்தான் தடை, கொயோட்டிக்கு ஈயம் போடலாம் என்பது பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். கலிபோர்னியா மட்டும் 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடுத்துவிட்டது. சுட்ட கொயோட்டியைப் பலரும் வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைக் கழுகு தின்கிறது. 2022இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. முப்பத்தெட்டு மாநிலங்களில் ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்ட வெண்தலைக் கழுகுகளையும் பொன்னாங் கழுகுகளையும் பரிசோதித்ததில், ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். வேட்டைக்காரன் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டுவார்கள் என்று முனகினார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு அவரே விலைப்பட்டியலோடு வந்தார். டங்ஸ்டன் வேண்டாம், விலையைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. பிஸ்மத் பரவாயில்லை, அடர்த்தி ஒன்பதரைக்குமேல், ஆனால் அதன் விலையும் ஈயத்தைவிடப் பல மடங்கு. மிச்சம் எஃகு. நாலைந்து மில்லிமீட்டர் எஃகு ரவையை மொத்தமாகக் கொட்டப் பத்து போரில்தான் தாராளமாக இடம் இருக்கிறது. முப்பத்தைந்து கஜத்துக்குமேல் சுடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் போதும் என்கிறார். எஃகுக்கென்று தடித்த தக்கை வேண்டும், இல்லையென்றால் குழாய் கீறிப்போகும். மருந்தும் வேறு, புத்தகத்தில் பக்கமும் வேறு. மினசோட்டாவிலிருந்து தக்கை வந்து சேர்ந்துவிட்டது. புத்தகம் கேட்கும் பிரைமருக்காக அவர் இன்னும் ஒவ்வொரு கடையாக ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறார்.